ஒரே சர்வரில் மூன்று போஸ்ட்ஃபிக்ஸ்: மெயில் கேட்வே பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸில் ஐ.டி. பொறுப்புக்குச் சேர்கிறவர் காதில் சீக்கிரமே விழும் புகார் ஒன்று உண்டு. "ஏனுங் தம்பி, பையருக்கு அனுப்பின பேக்கிங் லிஸ்ட் இன்னும் போய்ச் சேரலையாமுங்க, காலையிலதானுங்க அனுப்புனேன்" என்று மெர்ச்சண்டைசர் வந்து நிற்பார். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், இணைய இணைப்பும் நன்றாக இருக்கும். க்யூவை, அதாவது அனுப்பக் காத்திருக்கும் மெயில்களின் வரிசையை, திறந்து பார்த்தால்தான் தெரியும், உள்நாட்டு பிராண்டுக்காக டீலர்கள் எல்லோருக்கும் போட்ட ஆடித் தள்ளுபடி சர்க்குலர் ஆயிரக்கணக்கில் தேங்கி நிற்பது. பேக்கிங் லிஸ்ட் அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ இருக்கும்.

இதற்கு ஒரு தீர்வு, ஒரே சர்வரில், மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸை இரண்டு மூன்று இன்ஸ்டன்ஸாக, அதாவது தனித்தனி இயக்கங்களாக, பிரித்து ஓட்டுவது. வீட்சா வெனிமா ஐ.பி.எம்.மில் இருந்தபோது எழுதிய இந்த மென்பொருள் 1998இல் வெளிவந்தது. இன்ஸ்டன்ஸ்களை நிர்வகிக்கும் 'போஸ்ட்மல்டி' கட்டளை 2.6 பதிப்பிலிருந்து அதன் கூடவே வருகிறது. தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். பெரிய எழுத்து வர வேண்டிய இடத்தை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில், தேவையா என்று பாருங்கள்

கரூரில் ஒரே குடும்பத்துக்கு மூன்று ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனி, மூன்று டொமைன் என்று இருக்கும். அதற்காக மூன்று இன்ஸ்டன்ஸ் வேண்டியதில்லை. ஒரே போஸ்ட்ஃபிக்ஸ் எத்தனை டொமைனை வேண்டுமானாலும் தாங்கும். அனுப்புகிறவரைப் பொறுத்து வேறு ஐ.பி. முகவரியிலிருந்து மெயில் போனால் போதும் என்றாலும் தேவையில்லை. 'சென்டர்_டிபென்டன்ட்_டிஃபால்ட்_டிரான்ஸ்போர்ட்_மேப்ஸ்' என்ற அமைப்பும், சேவைகளைப் பட்டியலிடும் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் இரண்டு வரியும் அந்த வேலையைச் செய்துவிடும்.

பிரிக்க வேண்டியது, ஒன்றின் தேக்கம் இன்னொன்றைப் பாதிக்கக் கூடாது என்னும்போதுதான். போஸ்ட்ஃபிக்ஸின் க்யூ மேனேஜர் விவரமானதுதான், போகும் இடத்துக்கு ஏற்ப மெயில்களைப் பிரித்து வரிசை போடும். ஆனால் டீலர்களில் பாதிப் பேர் ஜிமெயிலில் இருக்கிறார்கள், பையரின் ஏஜென்டும் ஜிமெயிலில் இருக்கிறார். உங்கள் சர்க்குலரைப் பார்த்து ஜிமெயில் "பிறகு வா" என்று 421 எண்ணைச் சொல்லி இணைப்பைத் துண்டிக்க ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்துக்கு ஜிமெயிலுக்குப் போக வேண்டிய எல்லாமே ஒத்திவைக்கப்படும். ஏஜென்டுக்கான மெயிலும் அதில் அடக்கம். அப்போது அனுப்ப எடுத்துக்கொண்ட மெயில்கள் இருக்கும் ஆக்டிவ் க்யூவுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. இயல்பாக 20,000 மெயில். அது நிரம்பிவிட்டால் புதிதாக வருவது வெளியேதான் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே, சர்க்குலரால் ஐ.பி.யின் பெயர் கெட்டால் ஆர்டர் மெயிலும் ஸ்பேம் பெட்டிக்குப் போகும். கருப்புச் சாயம் ஓடிய மிஷினில் அடுத்தபடியாக வெள்ளைத் துணியை எந்த டையிங்காரரும் ஏற்ற மாட்டார். இங்கேயும் கணக்கு அதுவே.

ஆகவே கம்பெனிவாரியாகவோ டிபார்ட்மென்ட்வாரியாகவோ பிரிக்காதீர்கள். தாமதமானால் நஷ்டம் வரும் மெயில் ஒரு பக்கம், தாமதமானாலும் பரவாயில்லாத மெயில் இன்னொரு பக்கம். இதைத் தாண்டிப் பிரிக்க அநேகமாகக் காரணம் இருக்காது. நான்கு, ஐந்து என்று போட்டு வைத்திருக்கும் ஆபீஸ்களில் எது எதற்கு என்று அங்கே இருப்பவருக்கே தெரிவதில்லை.

சர்வரைத் தொடும் முன்

இரண்டு பொது ஐ.பி. முகவரிகள் வேண்டும். உதாரணத்துக்கு 203.0.113.11, 203.0.113.12 என்று வைத்துக்கொள்வோம். இவை விளக்கங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள், அப்படியே போட்டுவிட வேண்டாம். ஒரே ஐ.பி.யில் வேறு வேறு போர்ட் எண் கொடுத்தும் இன்ஸ்டன்ஸ் ஓட்டலாம். க்யூ பிரியும், ஆனால் வெளியுலகுக்கு இரண்டும் ஒரே முகமாகத்தான் தெரியும், பாதிப் பயன் போய்விடும்.

ஒவ்வொரு ஐ.பி.க்கும் ஒரு ஹோஸ்ட் பெயர். மெயில்.உதாரணம்.காம் ஒன்று, செய்தி.உதாரணம்.காம் இன்னொன்று. டி.என்.எஸ்.ஸில் பெயரிலிருந்து ஐ.பி.க்குப் போகும் பதிவை நீங்களே போட்டுவிடலாம். ஐ.பி.யிலிருந்து பெயருக்கு வரும் பி.டி.ஆர். பதிவு உங்கள் கையில் இல்லை. இணைப்புக் கொடுத்தவரிடமோ சர்வர் வாடகைக்குக் கொடுத்தவரிடமோ கேட்டு வாங்க வேண்டும். இதற்கு ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம், அதனால் முதல் வேலையாக இதைக் கேட்டுவிடுங்கள். கேட்கும்போதே, வெளியே போகும் போர்ட் 25 திறந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கிளவுட் நிறுவனங்கள் பலவும் அதை மூடித்தான் கொடுக்கின்றன.

சர்க்குலரின் அனுப்புநர் முகவரி செய்தி.உதாரணம்.காம் என்ற துணை டொமைனில் இருக்கட்டும். எஸ்.பி.எஃப். பதிவும் (எந்த ஐ.பி.கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) டிகிம் சாவியும் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்துக்கு) அதற்குத் தனி. எஸ்.பி.எஃப். பதிவில் ஐ.பி.யை நேரடியாகவே எழுதுங்கள். அடுத்தவர் பதிவுகளை உள்ளே இழுத்துக்கொண்டே போனால், 10 டி.என்.எஸ். தேடல் என்ற வரம்பைத் தாண்டிப் பதிவே செல்லாமல் போகும்.

2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்.பி.எஃப்., டிகிம், அவை தவறினால் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் மூன்றும் கட்டாயம். விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ளும் வசதியும் வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் எஸ்.பி.எஃப். அல்லது டிகிம், கூடவே பி.டி.ஆர். இல்லாமல் தப்ப முடியாது. எத்தனை இன்ஸ்டன்ஸ் போட்டாலும் இந்த வேலைகளுக்கு அது ஈடாகாது.

என்ன கட்டப் போகிறோம்

மூன்று இன்ஸ்டன்ஸ். முதலாவது, ஏற்கனவே ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ். இதை முதன்மை என்போம். இதற்கு வெளியுலகத் தொடர்பே வேண்டாம். கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலைகள், பேக்கப் ஸ்கிரிப்டுகள் அனுப்பும் சர்வரின் சொந்த மெயிலை மட்டும் வாங்கி அடுத்தவரிடம் தள்ளிவிடும். இரண்டாவது 'போஸ்ட்ஃபிக்ஸ்-ஆபீஸ்', 11இல் முடியும் ஐ.பி.யில். மூன்றாவது 'போஸ்ட்ஃபிக்ஸ்-சர்க்குலர்', 12இல் முடியும் ஐ.பி.யில்.

முதன்மையையே ஆபீஸ் மெயிலுக்கு வைத்துக்கொண்டு சர்க்குலருக்கு மட்டும் ஒன்று சேர்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஓடத்தான் செய்யும். ஆனால் இன்ஸ்டன்ஸ் பட்டியல் முதன்மையின் முக்கிய அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப் கோப்பில்தான் இருக்கிறது, எல்லாவற்றையும் கிளப்புவதும் நிறுத்துவதும் அதன் வழியாகத்தான். அதில் அடிக்கடி கை வைக்காமல் இருப்பதே நல்லது.

ஓர் இன்ஸ்டன்ஸுக்குச் சொந்தமானவை மூன்று: அமைப்புக் கோப்புகளின் அடைவு, க்யூ அடைவு, டேட்டா அடைவு. நிரல்கள் எல்லோருக்கும் பொது. அதனால் வட்டில் இடமும் நினைவகமும் பெரிதாக அதிகரிக்காது. க்யூ அடைவையோ டேட்டா அடைவையோ இரண்டு இன்ஸ்டன்ஸ் பகிர்ந்துகொள்ளும்படி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அமைத்துவிடாதீர்கள். மெயில் தொலையும்.

படி 1: முதன்மையை ஒதுக்கி உட்காரவைப்பது

/இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ் அடைவை அப்படியே நகல் எடுத்துவிட்டு மெயின்.சிஎஃப் கோப்பைத் திறங்கள்.

ஐநெட்_இன்டர்ஃபேசஸ் = லூப்பேக்-ஒன்லி
மைஹோஸ்ட்நேம் = உள்.உதாரணம்.காம்
மைஆரிஜின் = உதாரணம்.காம்
மைடெஸ்டினேஷன் = (காலி)
ரிலேஹோஸ்ட் = [203.0.113.11]

காலி என்று சொன்ன இடத்தில் சமக்குறிக்குப் பிறகு எதுவும் எழுத வேண்டாம். ரிலேஹோஸ்டில் சதுர அடைப்பு முக்கியம், அது எம்.எக்ஸ். தேடலை (மெயில் வாங்கும் சர்வர் எது என்று டி.என்.எஸ்.ஸில் தேடுவதை) தவிர்க்கச் சொல்கிறது. இனி ரூட் பயனருக்கு வரும் மெயில் எல்லாம் ரூட் என்ற பெயரோடு உங்கள் டொமைனுக்குப் போகும், அந்தப் பெயரில் மெயில்பாக்ஸ் ஒன்றோ ஃபார்வர்டோ வைத்துவிடுங்கள்.

முதல் வரியைக் கவனியுங்கள். இயல்பாக அது 'ஆல்' என்று இருக்கும், அதாவது சர்வரின் எல்லா ஐ.பி.யிலும் போர்ட் 25ஐ முதன்மையே பிடித்துக்கொண்டிருக்கும். அதை விடாமல் இரண்டாவதைக் கிளப்பினால் "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று லாகில் எழுதிவிட்டு நின்றுபோகும். இந்த வரியை மாற்றிய பிறகு ரீலோடு போதாது, ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து ஆபீஸ் மெயில் நிற்கும் என்பதால், அடுத்த படிகளையும் அதே உட்காரலில் முடித்துவிடும்படி நேரம் பாருங்கள். ஜெர்மனியில் மதியம் ஒரு மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. பையர் மெயில்கள் பறக்கும் நேரம் அது. காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்குவது உத்தமம்.

படி 2: உருவாக்குவது

போஸ்ட்மல்டி -ஈ இனிட்

இதை ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும். இதற்குப் பின் 'போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்டார்ட்', 'போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்டாப்' கட்டளைகள் எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் போகும். கிளப்பும்போது முதன்மை முதலில், நிறுத்தும்போது அது கடைசியில்.

போஸ்ட்மல்டி -ஐ போஸ்ட்ஃபிக்ஸ்-ஆபீஸ் -ஜி அவுட் -ஈ கிரியேட்
போஸ்ட்மல்டி -ஐ போஸ்ட்ஃபிக்ஸ்-சர்க்குலர் -ஜி அவுட் -ஈ கிரியேட்

இந்த இரண்டு வரியிலும் ஐ, ஜி இரண்டும் பெரிய எழுத்து. பெரிய எழுத்து புதிதாகப் பெயர் சூட்ட, சின்ன எழுத்து ஏற்கனவே இருப்பதைச் சுட்ட. புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 'அவுட்' என்பது குழுவின் பெயர். பெயர்கள் 'போஸ்ட்ஃபிக்ஸ்-' என்றுதான் தொடங்க வேண்டும், அதற்குப் பின்னால் உங்கள் இஷ்டம்.

இப்போது /இடிசி, /வார்/ஸ்பூல், /வார்/லிப் மூன்றிலும் அதே பெயர்களில் அடைவுகள் வந்திருக்கும். உள்ளே இருப்பவை புத்தம்புது கோப்புகள். முதன்மையில் நீங்கள் செய்து வைத்த டி.எல்.எஸ்., டேபிள், கட்டுப்பாடு எதுவும் தானாக வந்து சேராது. பாதுகாப்புக்காக நெட்வொர்க் பக்கக் கதவும் மூடியே இருக்கும்.

படி 3: அமைப்புகள்

ஆபீஸ் இன்ஸ்டன்ஸின் மெயின்.சிஎஃப் கோப்பில்:

மாஸ்டர்_சர்வீஸ்_டிசேபிள் = (காலி)
மைஹோஸ்ட்நேம் = மெயில்.உதாரணம்.காம்
ஐநெட்_இன்டர்ஃபேசஸ் = 203.0.113.11
மைநெட்வொர்க்ஸ் = 127.0.0.0/8, 203.0.113.11/32, 192.168.10.0/24
மைடெஸ்டினேஷன் = (காலி)
எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_செக்யூரிட்டி_லெவல் = மே
மெசேஜ்_சைஸ்_லிமிட் = 36700160
டிலே_வார்னிங்_டைம் = 2ஹெச்

மூடியிருந்த கதவைத் திறப்பது முதல் வரி. ஐநெட்_இன்டர்ஃபேசஸில் ஒரே ஒரு ஐ.பி.யைக் கொடுத்திருப்பதால், வெளியே போகும் மெயிலும் அதே ஐ.பி.யிலிருந்தே கிளம்பும். இரண்டு ஐ.பி. கொடுக்க நேர்ந்தால் எஸ்எம்டிபி_பைண்ட்_அட்ரஸ் என்ற வரியில் எது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மைநெட்வொர்க்ஸ் என்பது இதன் வழியாக வெளியே மெயில் அனுப்ப அனுமதி உள்ளவர்களின் பட்டியல். அதில் சர்வரின் சொந்த ஐ.பி. இருப்பது ஏன் என்று தோன்றலாம். முதன்மை இன்ஸ்டன்ஸ் இந்த இன்ஸ்டன்ஸைக் கூப்பிடும்போது 127.0.0.1 என்று வராது, 203.0.113.11 என்றே வந்து நிற்கும். அந்த எண் பட்டியலில் இல்லையென்றால் பேக்கப் ரிப்போர்ட் எல்லாம் "ரிலே அக்சஸ் டினைட்" ஆகிவிடும். 192.168.10.0/24 என்பது ஆபீஸ் நெட்வொர்க். அவரவர் ஆபீஸுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், மெயில்பாக்ஸ் சர்வர் ஒன்றுதான் கேட்வேக்கு அனுப்புகிறது என்றால் அந்த ஒரு ஐ.பி. போதும். எவ்வளவு சிறிய பட்டியலோ அவ்வளவு நல்லது.

மூன்று இன்ஸ்டன்ஸுக்கும் மைஹோஸ்ட்நேம் வேறு வேறாக இருந்தே ஆக வேண்டும். ஒன்றாக இருந்தால், ஒன்று இன்னொன்றைக் கூப்பிட்டு அதே பெயரைக் கேட்டதும் "மெயில் என்னிடமே திரும்பி வருகிறது" என்று முடிவுகட்டித் திருப்பிவிடும்.

அளவு வரம்பு இயல்பாகச் சுமார் 10 எம்.பி.தான். டெக் பேக், ஆர்ட் ஒர்க், லேப் டிப் ஸ்கேன் என்று பையர்களோடு பரிமாறும் கோப்புகளுக்கு அது போதாது. இணைப்பு மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருக்கும், 20 எம்.பி. கோப்பு சுமார் 27 எம்.பி. ஆகும். அதனால்தான் 35 எம்.பி. கொடுத்திருக்கிறேன். கடைசி வரி, இரண்டு மணி நேரம் மெயில் போகாமல் நின்றால் அனுப்பியவருக்கே தகவல் சொல்லிவிடும். இது இயல்பாக அணைந்திருக்கும். மெர்ச்சண்டைசர் உங்களைத் தேடி வருவதற்குள் அவருக்கே விஷயம் தெரிந்துவிடும்.

சர்க்குலர் இன்ஸ்டன்ஸில் இதே வரிகளைப் போட்டு ஹோஸ்ட் பெயரையும் ஐ.பி.யையும் மாற்றுங்கள். மைநெட்வொர்க்ஸில் சர்க்குலர் அனுப்பும் மென்பொருள் இருக்கும் மெஷினின் ஐ.பி. மட்டும் இருக்கட்டும், இல்லையென்றால் யாராவது அவசரத்துக்கு இதன் வழியாகவே இன்வாய்ஸ் அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் இவை:

மெசேஜ்_சைஸ்_லிமிட் = 2097152
மேக்சிமல்_க்யூ_லைஃப்டைம் = 1டி
எஸ்எம்டிபி_டெஸ்டினேஷன்_ரேட்_டிலே = 1எஸ்

போகாத மெயிலைப் போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வைத்திருந்து முயலும். ஆடி முடிந்து போய்ச் சேரும் தள்ளுபடிச் செய்தியால் யாருக்கு லாபம்? ஒரு நாள் போதும். கடைசி வரி, ஒரே இடத்துக்கு ஒவ்வொன்றாக, ஒரு நொடி இடைவெளி விட்டு அனுப்பச் சொல்கிறது. மெதுவாகப் போகும், ஜிமெயிலும் பொறுத்துக்கொள்ளும். பட்டியல் பெரிது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரே இடத்துக்கு 3,600தான் அதிகபட்சம். இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் விடிவதற்குள் சமாளித்துவிடலாம்.

டிகிம் கையெழுத்துக்கு ஓப்பன்டிகிம் ஒன்றே இரண்டுக்கும் போதும். ஆனால் அதன் சாக்கெட் கோப்பை முதன்மையின் க்யூ அடைவுக்குள் வைக்கச் சொல்லும் விளக்கங்கள் நிறைய உண்டு. தத்தம் க்யூ அடைவுக்குள்ளேயே (சிரூட்) அடைத்து வைக்கப்பட்ட மற்ற இன்ஸ்டன்ஸ்களின் கண்ணுக்கு அது தெரியாது. 127.0.0.1இல் 8891 போன்ற ஒரு டி.சி.பி. போர்ட்டில் அதை ஓடவிட்டு, எஸ்எம்டிபிடி_மில்டர்ஸ் வரியில் இரண்டு இன்ஸ்டன்ஸிலும் அதையே கொடுங்கள்.

படி 4: கிளப்புவது, சோதிப்பது

போஸ்ட்மல்டி -ஐ போஸ்ட்ஃபிக்ஸ்-ஆபீஸ் -ஈ எனேபிள்
போஸ்ட்மல்டி -ஐ போஸ்ட்ஃபிக்ஸ்-ஆபீஸ் -பி ஸ்டார்ட்

இங்கே ஐ சின்ன எழுத்து. எனேபிள் செய்யாமல் ஸ்டார்ட் கொடுத்தால் பிழை எதுவும் காட்டாது, வெறுமனே சரிபார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். சர்க்குலருக்கும் இதையே செய்துவிட்டு 'போஸ்ட்மல்டி -எல்' கொடுத்தால் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் பெயர், குழு, இயங்க அனுமதி உண்டா இல்லையா, அமைப்பு அடைவு.

அடுத்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு இரண்டு வழியிலும் ஒவ்வொரு சோதனை மெயில். 'ஸ்வாக்ஸ்' என்ற சிறு கருவி இதற்கு வசதி. வந்து சேர்ந்த மெயிலின் மூலத்தைத் திறந்து, எந்த ஐ.பி.யிலிருந்து வந்தது, எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டும் 'பாஸ்' ஆனதா என்று பாருங்கள். வெளியே உள்ள ஒரு இணைப்பிலிருந்து, உதாரணமாக உங்கள் மொபைல் டேட்டாவிலிருந்து, இரண்டு ஐ.பி.யின் வழியாகவும் அந்நிய முகவரிக்கு மெயில் அனுப்ப முயன்று பாருங்கள். மறுக்க வேண்டும். மறுக்கவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு மைநெட்வொர்க்ஸைத் திரும்பப் பாருங்கள், யார் மெயிலையும் கடத்திவிடும்படி திறந்து கிடக்கும் ரிலேயை ஸ்பேம்காரர்கள் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகாது.

டெபியன், உபுண்டு சர்வர்களில் ஒரு தொல்லை வரலாம். மெயில் எதுவும் வெளியே போகாமல் "நேம் சர்வீஸ் எரர்" என்று லாகில் வந்தால், இன்ஸ்டன்ஸின் சேவைகள் க்யூ அடைவுக்குள் அடைக்கப்பட்டு ஓடுகின்றன, அங்கே ரிசால்வ்.கான்ஃப் கோப்பு இல்லை என்று அர்த்தம். மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் சிரூட் பத்தியில் 'ஒய்' இருக்கும் இடங்களை 'என்' ஆக்கி, நிறுத்திக் கிளப்புங்கள்.

எல்லாம் சரியாக ஓடினால் சர்வரை ஒரு முறை ரீபூட் செய்துவிட்டு 'போஸ்ட்மல்டி -பி ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பாருங்கள். மூன்றும் தானாக எழுந்திருக்கிறதா என்பது மின்சாரம் போன இரவில் தெரியக் கூடாது, இப்போதே தெரிய வேண்டும்.

தினசரிப் புழக்கம்

லாகில் ஒவ்வொரு வரியும் அந்தந்த இன்ஸ்டன்ஸின் பெயரோடு வரும், தனியாக எதுவும் செய்ய வேண்டாம். 'போஸ்ட்ஃபிக்ஸ்-சர்க்குலர்/' என்று தேடினால் சர்க்குலர் கதை மட்டும் கிடைக்கும்.

வெறும் 'மெயில்க்யூ' கட்டளை முதன்மையின் க்யூவை மட்டும்தான் காட்டும். "க்யூ காலியா இருக்குதுங்களே" என்று ஏமாறுவது இதனால்தான். சரியான வழி:

போஸ்ட்மல்டி -ஐ போஸ்ட்ஃபிக்ஸ்-ஆபீஸ் -எக்ஸ் மெயில்க்யூ

எக்ஸுக்குப் பின்னால் எந்தப் போஸ்ட்ஃபிக்ஸ் கட்டளையையும் போடலாம். 'க்யூஷேப் டிஃபெர்ட்' என்று போட்டால், எந்த டொமைனுக்கு எத்தனை மெயில் எவ்வளவு நேரமாகத் தேங்கியிருக்கிறது என்று அட்டவணையாகத் தரும். ஐ என்பதற்குப் பதில் சின்ன ஜியும் 'அவுட்' என்ற குழுப் பெயரும் கொடுத்தால் முதன்மையைத் தவிர மற்ற இரண்டுக்கும் ஒரே தடவையில் போகும். ஒன்றுமே குறிப்பிடாவிட்டால் மூன்றுக்கும் போகும். அதனால் க்யூவை அழிக்கும் கட்டளை கொடுக்கும்போது பெயரைக் குறிப்பிட்டிருக்கிறோமா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு என்டரைத் தட்டுங்கள்.

தேங்கிய மெயிலை ஒரு க்யூ அடைவிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பாக இழுத்துப் போட வேண்டாம். நின்றது போகட்டும், புதிதாக வருவதை மட்டும் வழி மாற்றுங்கள்.

தீபாவளி வாழ்த்துச் சர்க்குலருக்கு முந்தைய நாள், சர்க்குலர் இன்ஸ்டன்ஸை மட்டும் நிறுத்திக் கிளப்பி ஆபீஸ் மெயில் அசையாமல் போகிறதா என்று பார்த்துவைப்பது என் வழக்கம். ஒன்றை நிறுத்தினால் மற்றது பாட்டுக்கு ஓடும், இவ்வளவு சிரமப்பட்டுப் பிரித்ததே அதற்குத்தானே.

வேண்டாம் என்றால்

சர்க்குலர் வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைவுகளைக் கையால் அழிக்காதீர்கள். அழித்தால் முதன்மையின் பட்டியலில் அதன் பெயர் அப்படியே இருக்கும், அடுத்த ஸ்டார்ட்டில் தகராறு வரும். முதலில் க்யூ காலியாகட்டும். அப்புறம் ஸ்டாப், டிசேபிள், கடைசியாக:

போஸ்ட்மல்டி -ஐ போஸ்ட்ஃபிக்ஸ்-சர்க்குலர் -ஈ டெஸ்ட்ராய்

இங்கேயும் சின்ன ஐ. நீங்களாக உள்ளே வைத்த டேபிள் கோப்புகள் மிஞ்சியிருந்தால் அவற்றைத் தனியாக நீக்க வேண்டும். எஸ்.பி.எஃப். பதிவிலிருந்து 12இல் முடியும் ஐ.பி.யையும் எடுத்துவிடுங்கள். அந்த முகவரி நாளைக்கு வேறு யாருக்காவது போகும், அவர் அனுப்புவதெல்லாம் உங்கள் பெயரில் செல்லுபடியாகக் கூடாது.